ஓர் எலிக்கு எத்தனை ஜூல்?

ஏர்கன் (காற்றுத் துப்பாக்கி) பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது வேகம்தான்: நொடிக்கு 300 மீட்டர், 370 மீட்டர் என்று. தானியக் கிடங்கில் எலித் தொல்லை தீர்ந்தால் போதும் என்று வாங்குகிறவருக்கு அநேகமாக உதவாத எண்ணும் அதுதான்.

பரவலாக விற்கும் ஸ்பிரிங் வகைத் துப்பாக்கிக்குள் காற்று எதையும் அடைத்து வைத்திருப்பதில்லை. குழலை மடக்கும்போது தடித்த ஸ்பிரிங் ஒன்று இறுகி, பிஸ்டனோடு பின்னால் மாட்டிக்கொள்கிறது. விசையை இழுத்ததும் பிஸ்டன் பாய்ந்து, முன்னால் இருக்கும் சாதாரணக் காற்றை நசுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பகுதி சுடும் அல்லவா? அதே சூடுதான், இங்கே கண்ணிமைப்பதற்குள் பல நூறு டிகிரிக்குப் போய்விடும். உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இறங்கியிருந்தால் தீப்பற்றி, பட்டென்ற சத்தத்தோடு குழல்வாயில் புகை வரும். டீசல் எஞ்சினில் நடப்பதேதான். வேகம் கூடட்டும் என்று வேண்டுமென்றே எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. காற்றைக் கசியவிடாமல் அடைக்கிற அவர்களுடைய சீல்தான் முதலில் போகும்.

பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னால் இழுக்கிறது. பெல்லட் (சுடப்படும் சின்ன ஈயக் குண்டு) குழலை விட்டுப் போகும் முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடும். அதனால்தான் இறுக்கிப் பிடிக்கிறவருக்குக் குறி சிதறுகிறது. உள்ளங்கையில் சும்மா கிடக்க விட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உதைக்க விட வேண்டும். மற்ற துப்பாக்கிகளுக்கான ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இதில் மாட்டினால் சீக்கிரம் உடைவதற்கும் அந்த முன்னிழுப்புதான் காரணம்.

இன்னொரு வகையில் காற்றை முன்கூட்டியே சிலிண்டரில் அடைத்து வைத்திருப்பார்கள், சுமார் 200 பார் அழுத்தத்தில். கார் டயரில் இருப்பது இரண்டு, இரண்டரைதான். சிறு சுத்தியல் வால்வைத் தட்ட, ஒரு மிடறு காற்று வெளியே வருகிறது. கனமான எதுவும் உள்ளே ஓடாததால் உதைப்பு மிகக் குறைவு. புதுமை என்று நினைத்துவிட வேண்டாம். 1780களிலேயே ஆஸ்திரியப் படையிடம் இப்படிப்பட்ட துப்பாக்கி இருந்தது. தொந்தரவு என்னவென்றால், காற்றடைக்கத் தனிப் பம்போ சிலிண்டரோ வேண்டும்.

சரி, அந்த வேகத்துக்கு வருவோம். பெல்லட் இடுப்பு ஒடுங்கி, பின்புறம் பாவாடை போல விரிந்து குடைவாக இருக்கும். காற்றின் அழுத்தத்தில் அந்தப் பாவாடை குழலோடு ஒட்டி அடைத்துக்கொள்கிறது. பறக்கும்போது இறகுப்பந்தின் இறகு செய்யும் வேலையைச் செய்கிறது. ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 340 மீட்டர். அதைத் தாண்டிக் கிளம்பிய பெல்லட் வேகம் குறைந்து திரும்ப அந்த எல்லையைக் கடக்கும்போது தள்ளாடும். பெட்டியில் போட்ட எண்ணைப் பெரும்பாலும் மிக லேசான பெல்லட்டை வைத்தே எட்டுகிறார்கள், எலிக்குக் குறிவைக்கிறவருக்கு அதனால் என்ன லாபம்?

4.5 மி.மீ. விட்டத்தில் அரை கிராம் பெல்லட் நொடிக்கு 240 மீட்டரில் போனால் ஆற்றல் சுமார் 14 ஜூல். 5.5 மி.மீ. விட்டத்தில் ஒரு கிராம் பெல்லட் 170 மீட்டரிலேயே ஏறக்குறைய அதே ஆற்றலைக் கொண்டுபோகும். எலிக்கு இது தாராளம். வித்தியாசம் பாதையில்தான்: 25 மீட்டர் போவதற்குள் முதலாவது ஆறேழு சென்டிமீட்டர் தாழும், இரண்டாவது ஏறக்குறைய இரு மடங்கு. தூரத்தைத் தப்பாகக் கணித்தாலும் சின்னது ஓரளவு மன்னிக்கும். பெரியது பட்ட இடத்தில் அகலமாகத் தாக்கும். எலிக்கென்றால் நான் சின்னதைத்தான் எடுப்பேன். உடனே சாக வேண்டுமானால் தலையில் சுமார் 2 செ.மீ. வட்டத்தில் படவேண்டும், தள்ளிப் பட்டால் 30 ஜூல் இருந்தாலும் அது காயத்தோடு பொந்துக்குள் போய்த் துடிக்கும்.

எலிக்குப் பின்னால் மண்ணோ மரமோ இருக்க வேண்டும். கல்லில் பட்டால் பெல்லட் தெறித்துத் திரும்பும். செத்ததை அப்படியே விட்டால் பருந்தோ பூனையோ ஈயத்தோடு தின்னும். உரிமம் வேண்டுமா, எதைச் சுடலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வாங்கியதும் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். ஐந்து பெல்லட்டும் அந்த 2 செ.மீ.க்குள் விழுகிற தூரம்வரைதான் எலியைச் சுடலாம். 5 மீட்டரிலும் பாருங்கள். ஸ்கோப் குழலுக்கு நாலைந்து சென்டிமீட்டர் மேலே உட்கார்ந்திருப்பதால், 25 மீட்டருக்குச் சரிசெய்த துப்பாக்கி அவ்வளவு கிட்டத்தில் குறிக்கு 2 செ.மீ. கீழே அடிக்கும்.