‘தானாகத் திரும்பி வந்துவிடும்’ என்று நம்பி ட்ரோனைப் பறக்கவிடாதீர்கள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் தம் ட்ரோனைத் துண்டுகளாக ஒரு துணிப்பையில் கொண்டுவந்து, எங்கள் பயிற்சி மையத்தில் என் மேசைமேல் வைத்தார். ப்ரொப்பல்லர்கள் மூன்று முறிந்திருந்தன. கேமரா ஒற்றை ஒயரில் தொங்கியது. மோட்டாரின் இடுக்கில் சாம்பார் காய்ந்து ஒட்டியிருந்தது. அது போய் இறங்கிய கல்யாண மண்டபத்தின் பின்புறம் அடுப்பருகே நின்றிருந்த சமையற்காரரின் புறங்கையில் நான்கு தையல். “பேட்டரி குறைந்தால் தானாகவே வந்துவிடும் என்று கடையில் சொன்னார்களே, சார்” என்றார் அந்த இளைஞர். இந்த வாக்கியத்தை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்!

தானாகத் திரும்பும் வசதி பொய்யன்று. ஆனால் அது கிளம்பிய இடத்துக்கே திரும்பும் என்பதில்லை. தான் ‘ஹோம் பாயிண்ட்’ என்று குறித்துக்கொண்ட இடத்துக்கே திரும்புகிறது. போதுமான ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்த பிறகுதான் அந்த இடம் பதிவாகும். மாப்பிள்ளை அழைப்பு தொடங்கிவிட்டதே என்ற அவசரத்தில் இவர் மொட்டைமாடியிலிருந்து உடனே கிளப்பிவிட்டார். சமையற்கூடத்துக்கு மேலே போனபோதுதான் செயற்கைக்கோள்கள் கிடைத்தன, அந்த இடமே பதிவாயிற்று. பேட்டரி குறைந்ததும் ட்ரோன் தனக்குத் தெரிந்த அந்த இடத்துக்கு ஒழுங்காகவே வந்து இறங்கியது.

திரும்பும் உயரத்தையும் நாம்தான் அமைக்க வேண்டும். அது கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவதால், முப்பது மீட்டர் என்று விட்டுவைத்தால் வழியில் நிற்கும் நாற்பது மீட்டர் செல்போன் கோபுரத்துக்காக அது தானாக உயராது. தடைகளைக் கண்டறியும் உணரிகள் (சென்சார்கள்) தடுக்கும் என்பீர்கள். சிறிய ட்ரோன்கள் பலவற்றில் முன்பக்கம் உணரியே கிடையாது, இருப்பவையும் மெல்லிய மின்கம்பியையும் தென்னங்கீற்றின் நுனியையும் பெரும்பாலும் தவறவிடுகின்றன. காற்றையும் மறக்காதீர்கள்: கடற்கரையில் மாலைக் கடற்காற்றோடு ஊர்ப்பக்கம் விரைந்து போன ட்ரோன், அதே காற்றை எதிர்த்துத் திரும்புகையில் மிச்சமிருக்கும் பேட்டரியையெல்லாம் விழுங்கிவிட்டு யார் வீட்டுக் கூரையிலோ இறங்கும். ஆகவே முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். பேட்டரி முப்பது சதவீதம் காட்டும்போதே திருப்புங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரையுள்ள மைக்ரோ ட்ரோனைப் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டியதில்லை. கல்யாணத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு பறக்கவிட்டால் அந்தச் சான்றிதழ் கட்டாயம். பதினெட்டு வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் இருந்தால், அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சி முடித்துப் பெறலாம். முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில் 400 அடிவரைதான் அனுமதி. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 200 அடிதான். கிளம்புமுன், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ இணைய வரைபடத்தைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் ட்ரோன் வாங்கிவரச் சொல்லாதீர்கள். முழு ட்ரோன்களின் இறக்குமதி 2022 பிப்ரவரி முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன்: முதல் சில வாரங்கள் ஆளில்லாத திடலில், பத்து மீட்டர் உயரத்தில், தானாகத் திரும்பவைக்கும் பொத்தானைத் தொடாமல் உங்கள் கையாலேயே திருப்பிக் கொண்டுவந்து இறக்கப் பழகுங்கள். ட்ரோனின் முகம் உங்களை நோக்கித் திரும்பியதும் இடமும் வலமும் மாறிவிடும். பதற்றத்தில் ரிமோட்டின் குச்சியைத் தவறான பக்கம் தள்ளித்தான் பெரும்பாலோர் மரத்தில் மோதுகிறார்கள். முகம் எந்தப் பக்கம் இருந்தாலும் யோசிக்காமல் விரல் சரியான பக்கம் நகரும் நாள்வரை, பந்தல் இருக்கும் இடத்துக்கு அதை எடுத்துப் போகாதீர்கள்.