தண்ணீர் குடிக்காத பிள்ளையும் ஐந்து லீற்றர் குடித்த ஐயாவும்

"டொக்டர், சலம் போகேக்க எரியுது." புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்யும் பிள்ளை. ஆறு மாதத்துக்குள் இது மூன்றாவது தடவை. அவள் கொடுத்த போத்தலில் இருந்த சலம் கடும் மஞ்சள், மணமும் தூக்கலாக இருந்தது.

எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய் என்று கேட்டேன். காலையில் ஒரு தேத்தண்ணி, மத்தியானச் சோற்றோடு அரைக் கிளாஸ். அவ்வளவுதான். கழிவறை மூன்றாம் மாடியில். ஒவ்வொரு முறையும் முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். வெட்கத்தில் குடிப்பதையே குறைத்துவிட்டாள்.

நம் இரண்டு சிறுநீரகங்களும் இரத்தத்திலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் திரவத்தை வடிக்கின்றன. சலமாக வெளியேறுவது ஒன்றரை லீற்றர் அளவுதான். மிச்சமெல்லாம் திரும்பவும் உடம்புக்கே போகிறது. நாம் சாப்பிடும் மீன், பருப்பிலுள்ள புரதத்தின் கழிவை ஈரல் யூரியாவாக மாற்றும், அந்த யூரியாவைச் சிறுநீரகம் வெளியே தள்ளும். தண்ணீர் குறைந்தால் மூளையின் அடியிலுள்ள சுரப்பி ஒரு ஹோர்மோனை விடும். உடனே சிறுநீரகம் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், சலம் கடுமையாகும். அதை மணிக்கணக்கில் அடக்கியும் வைத்தால் சலப்பையில் கிருமி பெருக வசதியாகிவிடும். கொழும்பு வெக்கையில் வியர்வையாகவும் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறதே.

அப்புறம் அவள் சொன்னதுதான் எனக்கு உண்மையில் பயத்தைத் தந்தது. நாள் முழுக்க நின்று கால் உளைவதால், பார்மசியில் டைக்ளோபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போடுகிறாளாம். உடம்பு வறண்டிருக்கும்போது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தமே குறைவு. இந்த மாத்திரை அதை இன்னும் குறைக்கும். முதலாளிமாரே, உங்கள் பிள்ளைகள் கேட்காமலே கழிவறைக்குப் போக விடுங்கள்.

சரி, அப்படியென்றால் எல்லோரும் நிறையக் குடிக்கலாமா? வெள்ளவத்தையிலிருந்து வந்த ஐயா ஒருவருக்கு இருபது வருடமாகச் சீனி வருத்தம். சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியேற்றினின் இரத்தத்தில் கூடியிருக்கிறது என்றதும், "தண்ணி குடிச்சால் கழுவிக்கொண்டு போகும்" என்று அயலவர் சொல்ல, நாளுக்கு ஐந்து லீற்றர் குடித்திருக்கிறார். பழுதான சிறுநீரகத்தால் அவ்வளவையும் வெளியேற்ற முடியவில்லை. கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தேன், குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். நல்லகாலம், சீனிக்கு நல்லதென்று யாரோ சொன்ன காமரங்கா (நட்சத்திரப் பழம்) ஜூஸைக் குடிக்கவில்லை. சிறுநீரகம் பழுதானவருக்கு அது நஞ்சு.

அவருக்கு ஒரு நாளும் வலி இருந்ததில்லை. சிறுநீரக வருத்தம் ஆரம்பத்தில் வலிக்காது. சீனியோ பிரஷரோ உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது சலத்தில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும், இரத்தத்தில் கிரியேற்றினின் எவ்வளவு என்றும் பார்க்கவேண்டும்.

இப்போது ஐயாவின் மகள் காலையில் ஒரு லீற்றர் போத்தலை நிரப்பி மேசையில் வைக்கிறார். அன்றைக்கு அவருக்கு அவ்வளவுதான். தேத்தண்ணி, சூப், மருந்தோடு குடிப்பது எதுவானாலும் அந்த அளவுக்குத் தண்ணீரை அதிலிருந்து ஊற்றிக் குறைத்துவிடுகிறார்.