விசென்சாவின் மாளிகைகள்: கண்ணால் பாருங்கள், கையால் வேண்டாம்

பழைய கட்டடங்களின் சுண்ணாம்புப் பூச்சைச் செப்பனிடுவது என் தொழில். இத்தாலி போகிறவர்களிடம் ரோம், வெனிஸோடு விசென்சாவுக்கும் ஒரு நாள் ஒதுக்கச் சொல்வேன். கூடவே ஒரு வேண்டுகோள்: அங்கே சுவரையும் தூணையும் தொடாதீர்கள்.

ஊரை ஒட்டிய குன்றில் இருக்கிறது லா ரொட்டோண்டா. ஆந்திரேயா பல்லாடியோ 1560களில் வடிவமைத்த மாளிகை. நான்கு பக்கமும் ஒரே மாதிரி முகப்பு, நடுவில் குவிமாடம். அந்தத் தூண்களைப் பளிங்கு என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவை செங்கல் தூண்கள், மேலே சுண்ணாம்புப் பூச்சு. சாதாரணச் செங்கல்லில் இத்தனை கம்பீரத்தைக் கொண்டுவந்தாரே, அதுதான் எனக்குப் பெரிய வியப்பு. ஆனால் பூச்சு கல்லைப் போல் தாங்காது. கை வியர்வையும் பையின் உரசலும் சேர்ந்தால் நாளடைவில் பெயர்ந்துவிடும்.

அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் வில்லா வல்மரானா. 1757இல் தியெப்போலோவும் அவர் மகன் ஜாந்தொமெனிக்கோவும் தீட்டிய சுவரோவியங்கள் இங்கே இருக்கின்றன. தந்தை தீட்டியவை புராண வீரர்கள். மகன் விருந்தினர் இல்லத்தில் வயல்வெளிக் குடியானவர்களைத் தீட்டினார். எனக்கு மகனுடையவைதான் பிடிக்கும்.

ஈரச் சுண்ணாம்பில் வண்ணம் வைத்தால், காய்ந்து இறுகும்போது வண்ணமும் சுவரோடு ஒன்றாகிவிடும். அதன் எதிரி ஈரம். சுவருக்குள் இருக்கும் உப்பை ஓதம் கரைத்து வெளியே இழுக்கும். காயும்போது அந்த உப்பு படிகமாகி வண்ணத்தை உள்ளிருந்து தள்ளும். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசி ஓதத்தை உள்ளே அடைத்த கட்டடங்களில் இதைத்தான் தினமும் பார்க்கிறேன். கூட்டமாக உள்ளே நின்றால் நம் மூச்சுக்காற்றே ஈரத்தைக் கூட்டிவிடும்.

பக்கத்து ஊரான பாதுவாவில் ஸ்க்ரொவெஞ்சி சிற்றாலயத்துக்கு முன்பதிவு கட்டாயம் என்பது இதனால்தான். ஜொத்தோ 1305 வாக்கில் முடித்த ஓவியங்கள் அங்கே உள்ளன. முதலில் ஓர் அறையில் சுமார் 15 நிமிடம் உட்காரவைத்து, காற்றின் ஈரத்தையும் தூசியையும் சீராக்கிய பிறகே உள்ளே விடுகிறார்கள். பார்ப்பதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். இதற்குச் சலித்துக்கொள்ளாதீர்கள்; ஜொத்தோ தீட்டிய அந்த நீல வானம் இன்னும் இருக்க அதுவும் ஒரு காரணம்.

விசென்சாவில் மோன்தே பெரிக்கோ ஆலயத்தையும் விட்டுவிடாதீர்கள். அங்குள்ள வெரோனேசேயின் விருந்து ஓவியத்தை 1848இல் ஆஸ்திரியப் படையினர் துண்டுதுண்டாகக் கிழித்தார்கள். பிறகு அது ஒட்டிச் சேர்க்கப்பட்டது.

மழை நாளில் போனால் நனைந்த குடையை வாசலிலேயே வைத்துவிடுங்கள். எங்காவது பூச்சுத் துண்டு உதிர்ந்து கிடந்தால் எடுக்காமல் அங்குள்ள ஊழியரிடம் சொல்லுங்கள். துண்டு கைக்குக் கிடைத்தால் பெரும்பாலும் அதே இடத்தில் திரும்ப ஒட்டிவிடலாம்.