'கிக்' தொழிலாளர்: தமிழில் என்ன சொல்வது?

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் மகளின் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தைப் பூர்த்தி செய்ய என்னிடம் வந்திருந்தார். 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. "டெலிவரி ஓட்டுறேன்னு எழுதலாமாண்ணே?" என்றார். அரசு ஆணைகளிலும் செய்தித்தாள்களிலும் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'கிக் தொழிலாளர்'. அதைச் சொன்னேன். "கிக்குன்னா போதையில்ல?" என்று முகம் சுருங்கிக் கேட்டார். அவர் கேட்டது நியாயம். தமிழ் எழுத்தில் அந்தச் சொல் அப்படித்தான் நிற்கிறது.

ஆங்கிலத்தில் 'கிக்' (gig) பழைய சொல். இரண்டு சக்கரக் குதிரைவண்டிக்கும், துடுப்புப் படகு ஒன்றுக்கும் அந்தப் பெயர் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் ஓர் இரவுக் கச்சேரியை அப்படிச் சொன்னார்கள். அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு அகராதிகளிலும் விடை இல்லை. 2008 நிதி நெருக்கடியில் வேலை இழந்தவர்கள் துண்டு துண்டாக வேலை பார்க்கத் தொடங்கியபோது, பத்திரிகையாளர் டினா பிரவுன் 2009இல் 'கிக் பொருளாதாரம்' என்று எழுதினார். கைப்பேசிச் செயலிகள் பெருகியதும் சொல் உலகமெங்கும் பரவியது.

ஆனால் கச்சேரிக்கும் இந்த வேலைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நம்மூர் நாதஸ்வரக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்குக் கூப்பிட்டால் தொகை பேசுவார், ஒத்துவந்தால் அச்சாரம் வாங்குவார், வராவிட்டால் மறுப்பார். டெலிவரி ஓட்டுபவருக்கு அந்தப் பேச்சே கிடையாது. ஆர்டர் விழும், தொகை திரையில் வரும், சில நொடிகளுக்குள் எடுக்க வேண்டும். அடிக்கடி மறுத்தால் ஆர்டர் குறையலாம், ஊக்கத்தொகை போகலாம். 'ஐடி பிளாக்' ஆகிவிட்டால், அதாவது செயலியில் அவர் கணக்கு முடக்கப்பட்டால், அன்றைய பிழைப்பு நின்றது. யாரிடம் போய்க் கேட்பது என்பதுகூடப் பலருக்குத் தெரிவதில்லை. மேற்பார்வையாளர் இருந்த இடத்தில் இப்போது ஒரு கணினி நிரல் இருக்கிறது.

நமக்கு இதற்குச் சொல் பஞ்சமா? 'மெய்வருத்தக் கூலி' என்றார் வள்ளுவர் (குறள் 619). அன்றன்றைக்கு வாங்கும் கூலிக்கு 'அற்றைக்கூலி' என்ற சொல் உண்டு. பேச்சில் அது அத்தக்கூலி. திருப்பூர் தையல் கூடங்களில் 'பீஸ் ரேட்' என்கிறார்களே, அதற்குத் தமிழில் துண்டுக்கூலி. தைத்த துணிக்கு இவ்வளவு என்பது போல, கொண்டுபோன பொட்டலத்துக்கு இவ்வளவு. உள்ளே இருக்கும் முறை அதேதான்.

'தற்காலிகப் பணி' என்று சிலர் எழுதுகிறார்கள். ஐந்தாறு வருடமாக இதிலேயே குடும்பம் நடத்துபவருக்கு அது எப்படிப் பொருந்தும்? 'பகுதிநேரப் பணி' என்பதும் சரிவராது. பலர் பத்து, பன்னிரண்டு மணி நேரம் சாலையில் இருக்கிறார்கள். 'சுயதொழில்' என்பதைத்தான் நான் கடுமையாக எதிர்ப்பேன். விலையைத் தான் வைக்காத ஒருவரைச் சுயதொழில் செய்பவர் என்று அழைத்தால், விபத்துக்கும் நோய்க்கும் அவரே பொறுப்பு என்று ஆகிவிடுகிறது.

சொல்லைப் பொறுத்து உரிமை மாறும் என்பது வெறும் பேச்சல்ல. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021இல் ஊபர் ஓட்டுநர்களைத் 'தொழிலாளர்' என்று தீர்ப்பளித்த பிறகே அவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்துடன் விடுப்பும் கிடைத்தன. இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே சம்பாதிப்பவர் என்றுதான் இவர்களை வரையறுத்தது. 2020-21இல் இப்படி 77 லட்சம் பேர் இருந்ததாக மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் கணித்தது. ராஜஸ்தான் 2023இல் இவர்களுக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு தமிழ்நாடு நல வாரியம் அமைத்தது. 2025இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் இவர்களுக்காகக் குளிரூட்டிய ஓய்வறை திறந்தது. வெயிலில் மரத்தடி தேடி வண்டியை நிறுத்துபவர்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆகவே என் பரிந்துரை இது: கிக் வேலைக்குப் பொதுவாகத் 'துண்டுப்பணி'. செயலி மூலம் வருவது 'செயலிவழித் துண்டுப்பணி', அதைச் செய்பவர் 'செயலிவழித் தொழிலாளர்'. கிக் பொருளாதாரம் 'துண்டுப்பணிப் பொருளாதாரம்'. வீட்டிலிருந்தே வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு செய்பவர்களுக்கும் துண்டுப்பணி பொருந்தும். ஆனால் தொகையை அவர்களே பேசி முடிப்பதால் அவர்களைச் செயலிவழித் தொழிலாளர் என்று சொல்லக் கூடாது.

அப்புறம் அந்தப் படிவம். 'செயலிவழித் தொழிலாளர் (உணவு விநியோகம்)' என்று எழுதினோம். கட்டத்துக்குள் அடங்கவில்லை, கடைசிச் சொல்லைக் கோட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் எழுதினேன். அவர் வாங்கி ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.