கான்குன் போகிறீர்களா? அலை இல்லாத இடத்தைத் தேடாதீர்கள்

டெக்சாஸில் அவசர சிகிச்சை மருத்துவராக இருக்கிறேன். விடுமுறை முடிந்தால் மெக்சிகோவின் கான்குனிலிருந்து திரும்பிய யாராவது வந்துவிடுவார்கள். சமீபத்தில் வந்தவருக்கு நுரையீரலுக்குள் கடல்நீர் போயிருந்தது. "அலையே இல்லாத இடமா பார்த்துத்தான் இறங்கினோம் டாக்டர்" என்றார். இதையே இன்னும் எத்தனை பேரிடம் கேட்பது?

கான்குன் ஹோட்டல் பகுதி ஓர் ஒடுங்கிய மணல்திட்டு. ஒரு பக்கம் கரீபியன் கடல், மறுபக்கம் நிச்சுப்தே காயல். வடக்கே லங்கோஸ்தா, தோர்த்துகாஸ் கரைகளுக்கு எதிரே இஸ்லா முஹெரெஸ் தீவு இருப்பதால் தண்ணீர் பெரும்பாலும் அடங்கியிருக்கும். கிழக்கே டெல்ஃபினெஸ் கரைக்கு எதிரே திறந்த கடல்.

திறந்த கடலில் அலை கொண்டுவரும் தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். மணல்மேட்டில் எங்கே பள்ளமோ அந்த வழியாகப் பாயும். பள்ளத்தில் ஆழம் அதிகம், அதனால் அங்கே அலை உடையாது. இரண்டு பக்கமும் நுரை, நடுவில் சாதுவான தண்ணீர். பிள்ளைகளோடு வருகிறவர்கள் சரியாக அந்த நடுவில் போய் இறங்குகிறார்கள்! கடலுக்குள் இழுக்கும் அந்த நீரோட்டம்தான் ரிப் கரண்ட். வினாடிக்கு 2 மீட்டர் வேகம்கூட வரும், நீச்சல் வீரரே எதிர்த்து ஜெயிக்க முடியாது. அது யாரையும் அடியில் அமுக்குவதில்லை, கடலுக்குள் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டு, கை ஓய்ந்துதான் மூழ்குகிறார்கள். எதிர்க்காமல் மிதந்துகொண்டிருங்கள். கையைத் தூக்கிக் கூப்பிடுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாக நீந்தி இழுப்பிலிருந்து விலகுங்கள்.

கரையில் சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். கறுப்பு என்றால் கடலே மூடப்பட்டதாக அர்த்தம். ரிசார்ட்டுக்குக் கட்டிய பணம் கொடியின் நிறத்தை மாற்றாது. குடித்துவிட்டு இறங்கவே இறங்காதீர்கள். யாரையாவது தண்ணீர் அடித்துப்போனால் நீங்களும் குதிக்காமல் லைஃப்கார்டைக் கூப்பிடுங்கள், மிதக்கும் எதையாவது வீசுங்கள்.

சரி, காயல் அமைதியாகத்தானே இருக்கிறது? அதில் முதலைகள் இருக்கின்றன. எச்சரிக்கைப் பலகையும் இருக்கிறது. குளிக்காதீர்கள். பொழுது சாய்ந்த பிறகு பிள்ளைகளைப் படமெடுக்கக்கூட நீரோரம் நிறுத்தாதீர்கள், தயவுசெய்து.

கடலிலிருந்து மீண்டவருக்கு இருமல் நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் அங்கேயே மருத்துவமனைக்குப் போங்கள். விமான டிக்கெட் போனால் போகட்டும். அப்புறம், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம், வாந்தி வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மூச்சு நின்றிருந்தால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், உடனே மார்பு அழுத்தத்தைத் தொடங்குங்கள்.