கைரோபிராக்டிக்: கை இருக்கிறது, எலும்பு எங்கே?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பருக்கு மூன்று மாதமாக இடுப்பு வலி. போன வாரம் போனில் ஒரு வீடியோ காட்டினார். கட்டிலில் ஒருவர் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். இன்னொருவர் அவர் தோளையும் இடுப்பையும் பிடித்து ஒரு திருகு திருக, மைக் வைத்துப் பிடித்ததுபோல 'கடக்' என்று சத்தம். "இந்த ஹீரோ பிராக்டிஸ் நம்ம பக்கம் எங்கனா இருக்குதா? எனக்கு ஜவ்வு விலகிக்கிச்சாம். ஒரு தட்டு தட்டுனா உக்காந்துடுமாம்" என்றார்.

ஹீரோ இல்லை, கைரோ. முழுப்பெயர் கைரோபிராக்டிக்: முதுகெலும்பைக் கையால் அழுத்தியும் திருகியும் செய்யும் சிகிச்சை. ஆனால் பெயரைவிட அவசரமாகத் திருத்த வேண்டியவை 'விலகிக்கிச்சு', 'உக்காந்துடும்' என்ற இரண்டு வினைச்சொற்கள்.

முதலில் பெயர். கிரேக்கத்தில் 'கெய்ர்' என்றால் கை. 'பிராக்டிகோஸ்' என்றால் செயல் சார்ந்தது. சேர்த்தால் 'கையால் செய்வது', அவ்வளவுதான். எலும்பு, முதுகு, நரம்பு எதுவும் இந்தப் பெயரில் இல்லை. 'கைரோ'வில் நம் 'கை' கேட்கிறதே என்று வேர் தேடிக் கிளம்பிவிட வேண்டாம். அது ஆங்கில உச்சரிப்பு செய்த வேலை. அந்தக் 'கெய்ர்' வேறு இரண்டு இடங்களில் நமக்குத் தெரிந்த முகம்தான். 'கெய்ரூர்கியா' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கைவேலை என்று பொருள். அது லத்தீன், பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து 'சர்ஜரி' ஆனது. மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் கைரேகை, எண் கணிதம் என்று கிடைக்கும் 'கீரோ'வும் அதே வேரிலிருந்து எடுத்த புனைபெயர்தான். ஆக அறுவை சிகிச்சை நிபுணர், கைரேகைக்காரர், முதுகை முறுக்குபவர் மூவரும் சொல் வழியில் பங்காளிகள்.

பெயருக்குப் பின்னால் இருப்பது அமெரிக்கக் கதை. அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்தவர் டேனியல் டேவிட் பால்மர். 1895 செப்டம்பரில், அதே கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லார்டின் முதுகெலும்பில் ஒரு புடைப்பைப் பார்த்து அதை அழுத்தியதாகவும், அவருக்குப் போயிருந்த காது கேட்கத் தொடங்கியதாகவும் பால்மர் சொன்னார். பெயர் வைத்துக்கொடுத்தவர் அவரிடம் சிகிச்சைக்கு வந்த சாமுவேல் வீட் என்ற பாதிரியார். அவருக்குக் கிரேக்கம் தெரியும். கதையில் ஒரு சிக்கல்: கேட்கும் நரம்பு முதுகு வழியாகப் போவதே இல்லை. உட்காதிலிருந்து நேரே மூளைக்குள் போய்விடுகிறது. அது பால்மரைத் தடுக்கவில்லை. 1910-இல் வெளியிட்ட நூலில், நோய்களில் நூற்றுக்கு 95 முள்ளெலும்பு விலகுவதால்தான் வருகின்றன என்று எழுதினார். உரிமம் இல்லாமல் வைத்தியம் செய்ததற்காக 1906-இல் சிறைக்கும் போய் வந்திருந்தார்.

அந்த 'விலகல்'தான் இன்று வண்ணாரப்பேட்டை வரை வந்திருக்கிறது. பால்மர் வழியினர் அதற்கு வைத்த பெயர் சப்லக்சேஷன். மருத்துவத்தில் அந்தச் சொல்லுக்கு ஒழுங்கான பொருள் உண்டு: மூட்டு பாதி கழன்று நிற்பது. எக்ஸ்ரேயில் தெரியும். பால்மர் சொன்ன விலகல் அது இல்லை. நரம்பை நசுக்கி எல்லா நோயையும் உண்டாக்குவதாகக் கருதப்பட்ட ஒன்று. பிரிட்டனில் இந்தத் தொழிலையே மேற்பார்க்கும் பொது கைரோபிராக்டிக் கவுன்சில், அந்த விலகல்தான் நோய்க்குக் காரணம் என்று சொல்ல ஆய்வுச் சான்று இல்லை என்று 2010-இல் அறிவித்துவிட்டது.

நம் ஊர் 'ஜவ்வு' விலகுவதும் இதே ரகம்தான். ஜவ்வு என்று நாம் சொல்வது இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டை (டிஸ்க்). அது மேலும் கீழும் எலும்போடு இறுக ஒட்டியிருக்கிறது. கேரம் போர்டு காய் மாதிரி நழுவாது. வெளி வளையம் புடைக்கும், அல்லது கிழிந்து உள்ளே இருக்கும் கூழ் பிதுங்கும். எனவே சரியான வினை பிதுங்குதல். வினை மாறினால் எதிர்பார்ப்பும் மாறிவிடும். விலகியதைத் தட்டி உட்கார வைக்கலாம். பிதுங்கியதை எப்படித் தட்டி உள்ளே அனுப்புவது? பலருக்கு அந்தக் கூழ் சில மாதங்களில் தானாகவே சுருங்கிவிடுகிறது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் இந்தப் பிதுக்கம் சர்வசாதாரணம்.

சரி, அந்த 'கடக்'? அது எலும்பு உட்கார்ந்த சத்தம் இல்லை. பிள்ளைக்குத் திருஷ்டி கழித்துவிட்டு ஆயா தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கி நெட்டி முறிப்பாரே, அதே சத்தம். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயு கரைந்திருக்கிறது. மூட்டு சட்டென்று விரியும்போது அழுத்தம் குறைந்து ஒரு குமிழி உண்டாகிறது. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ.க்குள் வைத்து இழுத்து இதைப் படமாகவே எடுத்தார்கள். இப்போது ஒரு விரலில் நெட்டி எடுத்துப் பாருங்கள். உடனே அதே விரலில் மறுபடி வராது, சுமார் 20 நிமிடம் ஆகும். சத்தம் வந்தால் குணம், வராவிட்டால் காசு வீண் என்ற கணக்கே தப்பு.

இதைப் படித்துவிட்டு எல்லாம் பித்தலாட்டம் என்று முடிவுகட்டினால் அதுவும் சரியில்லை. நாள்பட்ட இடுப்பு வலிக்கு இந்தக் கைச்சிகிச்சை, உடற்பயிற்சி போன்ற மற்ற வழிகள் தரும் அளவுக்கு நிவாரணம் தருகிறது. ஆஸ்துமா, சர்க்கரை என்று போர்டு நீளும்போதுதான் நாம் விலகிக்கொள்ள வேண்டும். இந்த 'விலகு' மட்டும் சரியான வினை.

கழுத்து வேறு விஷயம். ராயபுரம் சலூனில் முடி வெட்டி முடித்ததும் தாடையையும் உச்சந்தலையையும் பிடித்து இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று முறிப்பார்கள். சுகமாகத்தான் இருக்கும், நானும் வருடக்கணக்கில் தலையைக் கொடுத்தவன். ஆனால் மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக்குழாய்கள் கழுத்தெலும்பின் ஓட்டைகளுக்குள் நுழைந்துதான் மேலே ஏறுகின்றன. வேகமாகத் திருகும்போது அபூர்வமாக அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம், யார் திருகினாலும். முறித்தபின் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம் என்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். இடுப்பு வலியோடு கால் மரத்து, சிறுநீர் கட்டுப்பாடு போனாலும் அப்படியே.

தமிழில் என்ன சொல்வது? வர்மம் என்று சொல்லக்கூடாது. அது வேறு மரபு. புத்தூர் கட்டும் இல்லை. அங்கே முறிந்த எலும்புக்கு வேலை. இயன்முறை மருத்துவம் என்பது பிசியோதெரபிக்கு நிலைத்துவிட்ட பெயர், அதற்குத் தனிப் பட்டம் உண்டு. கைரோபிராக்டிக்குக்கென்று இந்தியாவில் தனிச் சட்டமோ பதிவு மன்றமோ இல்லை என்பதால், இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் நோயாளிதான் ஏமாறுவார். 'எலும்பு சீரமைப்பு' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பால்மரின் தப்பையே தமிழாக்கித் தருகிறது. நேர்ப்பொருள் வேண்டுமென்றால் 'கைவினை'. அதைக் கேட்டால் கூடை பின்னும் கடைக்குப் போய்விடுவார்கள். என் ஓட்டு 'கைமுறை முதுகெலும்புச் சிகிச்சை'க்கு. கை இருக்கிறது, இடம் இருக்கிறது, பொய் வாக்குறுதி இல்லை. அந்தத் திடீர்த் திருகலுக்குச் 'சொடுக்கு' போதும்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். கடை வாசலை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் கீது. ஆனா இவ்ளோ நீளத்துக்குப் போர்டு வெச்சா பக்கத்துக் கடைக்காரன் சண்டைக்கு வருவானே" என்றார்.