அலை புரட்டிப்போட்ட பிறகு

சர்ஃபிங், அதாவது பலகையில் ஏறி அலைமேல் சறுக்குவது, சொல்லித் தருவது என் தொழில். என்னிடம் வருகிற எல்லோரும் புதியவர்கள் அல்ல. வருடக்கணக்காகச் சறுக்கிவிட்டு, ஒரு மோசமான நாளில் அலைக்கு அடியில் மாட்டியபின் இடுப்பளவு தண்ணீரைத் தாண்ட முடியாமல் வருகிறவர்களும் உண்டு.

அப்படி ஒரு மாணவி. "ஒரு நிமிஷம் உள்ளேயே இருந்தேன் சார், அவ்வளவுதான்னு நினைச்சேன்" என்றாள். அன்று கரையில் நின்று எண்ணியவன் நான். எட்டு நொடி. அவள் பொய் சொல்லவில்லை. பதறும்போது இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு சீக்கிரம் தீர்கிறது, நொடிகள் நீள்கின்றன. அதனால்தான் விழுந்த உடனே மனசுக்குள் எண்ணச் சொல்கிறேன். நடுத்தர அலைகள் பெரும்பாலும் பத்து எண்ணுவதற்குள் விட்டுவிடும். அதுவரை திமிறாமல், இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு உருளவிட வேண்டும். மேலே வரும்போதும் ஒரு கை தலைக்கு மேல் இருக்கட்டும். பலகை நேர் மேலே மிதந்துகொண்டிருந்து தலையில் இடிக்கலாம்.

பலரும் அலையின் உயரத்தை மட்டும் பார்த்து இறங்குகிறார்கள். ஒரே உயரம்தான் என்றாலும் 7 நொடிக்கு ஒன்று வரும் அலையைவிட 14 நொடிக்கு ஒன்று வருவது ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆற்றலோடு கரைக்கு வரும். பெரிய அலைகள் கூட்டமாக வந்து, அப்புறம் கடல் கொஞ்ச நேரம் அடங்கும். அந்த அமைதியை நம்பி இறங்காதீர்கள். இருபது நிமிடமாவது நின்று பாருங்கள்.

இரு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாக, கருத்துத் தெரிகிற பட்டை இருக்கிறதா? அது பெரும்பாலும் கடலுக்குள் இழுக்கும் ரிப் நீரோட்டம். சில நேரம் நொடிக்கு 2 மீட்டர் வேகம்கூட எடுக்கும்; அதை எதிர்த்து யாராலும் நீந்த முடியாது. பலகையை விடாதீர்கள், அதுதான் உங்கள் மிதவை. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் துழாவி, அலை உடையும் இடத்துக்குப் போய்த் திரும்புங்கள். முடியவில்லையா, மிதந்தபடி கையை உயர்த்தி ஆட்டி உதவி கேளுங்கள்.

சரி, போன தைரியம் எப்படித் திரும்பும்? "பயப்படாம இறங்கு" என்று நண்பர்கள் தள்ளுவதுதான் எனக்குப் பெரிய கவலை. தலையில் அடிபட்டிருந்தால் முதலில் மருத்துவர். மற்றபடி, அந்த மாணவியை முதல் நாள் இடுப்பளவு நுரை அலையில் வேண்டுமென்றே விழ வைத்தேன். விழு, எண்ணு, எழு. அரைமணி நேரம், அவ்வளவே. தெம்பு மிச்சமிருக்கும்போதே கரையேறினோம். அது அவளுக்குச் சலிக்கிற வரை அடுத்த ஆழத்துக்குப் போகவில்லை. மூச்சடக்கும் பயிற்சியைத் தண்ணீரில் தனியாகச் செய்யவே கூடாது. அதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்குவதும் ஆபத்து. எச்சரிக்கையே இல்லாமல் மயக்கம் வரும்.

போன வாரம் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் பார்த்தாள். "இன்னிக்கு வேண்டாம் சார்" என்றாள். பலகைகளைத் தூக்கிக்கொண்டு இருவரும் திரும்பினோம்.